ஒளிர்சட்டையும் வடக்கு வெளிச்சமும்

பனிக்கால இரவு வானத்தில் பச்சையாக ஆடும் வடக்கு வெளிச்சத்தைப் பார்க்க வருகிறவர்கள் இருட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துவிடுவார்களே என்று நகராட்சி கவலைப்பட்டது. நகராட்சி கவலைப்பட்டால் உத்தரவு பிறக்கும். பிறந்தது. இனி அதைப் படம் எடுக்கக் கற்க வருகிற யாவரும் பச்சையோடிய மஞ்சள் ஒளிர்சட்டை அணிய வேண்டும். சட்டை ஒளிர வேண்டுமே, அதற்காக ஐந்தடிக்கு ஒரு விளக்கு எரிய வேண்டும். வடக்கு வெளிச்சம் காட்டப்பட்டதற்குச் சான்றாக, பச்சை நிறம் விழுந்த படம் ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் வழிகாட்டியின் உரிமம் ரத்து.

நார்வேயின் வடகோடியில் டோருன்னுக்கு அந்த உரிமம்தான் பிழைப்பு. பதினேழு வருடமாக அதே கடற்கரையில்தான் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறாள். நகராட்சியிலிருந்து சோதனைக்கு வந்தவன் எய்விண்ட், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். டிசம்பர் மாதம், மாலை நான்கு மணிக்கே கும்மிருட்டு. அன்றைக்கு மாணவர்கள் இரண்டே பேர்: ஆஸ்லோவிலிருந்து வந்த பல் டாக்டர் ஆர்ன்ஃபின், அவர் மனைவி சிஸ்ஸல். டாக்டரின் கேமராவுக்குக் கம்பளிக் குல்லாய்கூட இருந்தது.

"எய்விண்ட், இருட்டு இருந்தாத்தான் படம் விழும். பதினஞ்சு வினாடி கேமரா கண்ணைத் திறந்து வச்சிருக்கணும். இத்தனை விளக்குல என்னப்பா விழும்?"

"இருட்டு வேணும்னு உத்தரவுல எங்கயும் இல்ல டோருன். ரெண்டு தடவ படிச்சுட்டேன்."

"அஞ்சு நிமிஷம் அணைக்கட்டுமா?"

"தாராளமா அணை. மூணு வாரத்துக்கு முன்னாடி மனு குடுத்திருக்கணும், அவ்வளவுதான்."

அப்போதுதான் மலைக்கு மேலே வெளிச்சம் எழுந்து, துவைத்த சேலையை உதறியதுபோல் வானமெங்கும் ஆடியது. டாக்டர் பதறிப்போய் பொத்தானை அமுக்கினார். சரியாக அந்தப் பதினைந்து வினாடியில், தானும் ஒளிர்சட்டை மாட்டியிருந்த எய்விண்ட் விளக்குகளை எண்ணிக்கொண்டே கேமராவுக்கு முன்னால் நடந்து போனான்.

படத்தில் வானம் இல்லை. மஞ்சளும் பச்சையுமாக ஒரு பட்டை மட்டும் நெளிந்து கிடந்தது.

எய்விண்ட் நகராட்சி கொடுத்த நிற அட்டையை எடுத்துக் கேமராத் திரையோடு ஒட்டிப் பார்த்தான். "நாலாம் நம்பர் பச்சை. தேறிடுச்சு."

"அது உன் சட்டைப்பா. நடுவுல வீங்கியிருக்கிறது உன் தொப்பை."

"பச்சை இருக்கான்னுதான் படிவத்துல கேட்டிருக்கு. யாரோட பச்சைன்னு கேக்கல. கையெழுத்துப் போடுறியா, இல்ல உரிமத்தக் குடுத்துடுறியா?"

டோருன் வானத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டாள்.

நகராட்சிக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துப்போய்விட்டது. சுற்றுலாக் கையேட்டின் அட்டையில் அதையே போட்டார்கள். அடுத்த பனிக்காலத்தில் ஆட்கள் கையேட்டோடு வந்து இறங்கினார்கள். வானத்தில் வருவது வெளிறிக் கிடக்கிறது, அட்டையில் இருப்பதுதான் வேண்டும் என்றார்கள். எய்விண்டுக்கு அலுவலகத்தில் புதுப் பதவி கிடைத்தது. தினமும் மாலையில் அவன் விளக்குகளுக்கு நடுவே மெதுவாக நடப்பான். எழுபது கேமராக்கள் கண்ணைத் திறக்கும். டோருன் வேளாவேளைக்கு அவனுக்கு வாஃபிள் அப்பம் கொடுத்துத் தொப்பை இளைக்காமல் பார்த்துக்கொண்டாள்.

பல் டாக்டரின் மனைவி சிஸ்ஸலும் திரும்ப வந்திருந்தாள். ஒரு மாலை, ஓரமெல்லாம் சிவந்து வானமே பற்றி எரிந்தது. அவள் டோருன்னின் கையைத் தொட்டாள்.

"டோருன், மேல பாருங்களேன்."

"அப்புறம் பாத்துக்கலாம்மா," என்றாள் டோருன், எய்விண்டின் சட்டைமேல் வைத்த கண்ணை எடுக்காமல். "நீங்க இப்ப அசைஞ்சீங்கன்னா படம் கெட்டுப்போயிடும்."