இங்கிரீட் அம்மாவின் ஜாக்கெட்

ஜாக்கெட் வேண்டும் என்று சொல்லிவிட்டு இங்கிரீட் அம்மா வாயை மூடிக்கொண்டாள். இனி அது கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் காலையில்தான் திறக்கும்.

"மௌனம்யா, மௌனம்," என்றார் கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் ராமகிருஷ்ணன். "இன்னிக்குத்தான் ஆரம்பம்."

"எந்த மாதிரி ஜாக்கெட்னு எழுதியாவது காட்டச் சொல்லுங்க சார்."

"எழுதுறதும் பேச்சுதானாம். தலைய ஆட்டுவாங்க, சிரிப்பாங்க. அவ்ளோதான்."

கேட்டது ஆட்டோ ஓட்டும் வேணு. வாயை மூடுவதற்குச் சற்று முன்னால்தான் அவள் அவனைக் கூப்பிட்டு, "வேணு, லேடீஸ் ஜாக்கெட். வாட்டர் ப்ரூஃப். சாஃப்ட், வெரி சாஃப்ட். மழை, மழை!" என்று வானத்தைக் காட்டிப் பணத்தையும் கையில் திணித்திருந்தாள். வேணுவும் பெரிய மனுஷன் போல "ஓகே, ஓகே" என்று தலையாட்டிவிட்டான். தெரியாததற்கெல்லாம் ஓகே சொல்வது செங்கம் ரோடு ஆட்டோக்காரர்களின் தொழில் தர்மம்.

இங்கிரீட் அம்மா நார்வேக்காரி. கார்த்திகைக்கு வந்தால் தை கடைசியில்தான் கிளம்புவாள். இந்த வருஷம் அத்தனை நாளும் ஒரே ஆட்டோவை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அது வேணுவின் ஆட்டோவா, எதிரே நிற்கும் அர்ஜுனனின் ஆட்டோவா என்பதை மட்டும் சொல்லவில்லை.

வேணுவின் மனைவி காசியம்மாள் வேங்கிக்காலில் புதுவீடு கட்டும் இடங்களில் சித்தாள். மழைக்காலத்தில் சிமெண்டுச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கலவை சுமப்பாள். சாக்கு தலையைக் காக்கும், முதுகைக் காக்காது. முதுகில் விழுகிற மழை நேரே நெஞ்சுச் சளியாக இறங்கும். ராத்திரியெல்லாம் இருமுவாள். தை வரைக்கும் நிலையான சவாரி கிடைத்தால் இந்த மழைக்கு அவளை வீட்டில் உட்காரவைக்கலாம் என்பது வேணுவின் கணக்கு. அந்தக் கணக்கு இப்போது ஒரு ஜாக்கெட்டில் வந்து நின்றது.

ஜாக்கெட் என்றால் தையல்காரன். தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் தருமனின் லேடீஸ் டெய்லர் கடைக்கு வண்டியை விட்டான்.

"வாட்டர் ப்ரூஃப் ஜாக்கெட்டா?" தருமன் மிஷினை நிறுத்தினான். "யோவ், இன்னிக்கு நான்தான் கெடச்சனா உனுக்கு?"

"நெசமாப்பா. வெள்ளக்காரம்மா கேட்டுது. தண்ணி எறங்கக் கூடாது, ஆனா மெத்துனு இருக்கணும்."

தருமன் யோசித்தான். தொழில்காரனுக்கு ஒரு சவாலைக் காட்டிவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். "மேல குடைத்துணி. உள்ள கொழந்தைங்களுக்குத் தைக்கிற ஃபிளானல். வேர்த்தா செத்தா. அது அவ பாடு. அளவு ஜாக்கெட் எங்க?"

அளவு ஜாக்கெட்டுக்கு வேணு எங்கே போவான்? கெஸ்ட் ஹவுசுக்கு ஓடினான். தோளைத் தொட்டு, மார்பைச் சுற்றிக் கைவீசி, கத்தரிக்கோல் போல இரண்டு விரலை ஆட்டிக் காட்டினான். இங்கிரீட் அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு வெள்ளை டீ-சர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதை விரித்துப் பார்த்த தருமன், "இது அளவு ஜாக்கெட்டா, நெல்லு மூட்டையா?" என்றான். "சரி வுடு. ஹூக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அதெல்லாம் எனுக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"கேட்டுக்கினு வா. பின்னாடி வச்சுட்டு முன்னாடினு சொன்னா, பிரிச்சுத் தைக்க நான் ஆளில்ல."

மறுபடியும் கெஸ்ட் ஹவுஸ். வேணு அவள் எதிரே நின்று, தன் நெஞ்சில் மேலிருந்து கீழாக வரிசையாகக் கிள்ளிக் காட்டினான். பிறகு திரும்பி நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அங்கேயும் கிள்ளினான். மறுபடி முன்னால். மறுபடி பின்னால்.

"டேய் வேணு! லேடீஸ் எதுக்க இன்னாடா சேட்ட?" ராமகிருஷ்ணன் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார்.

"சந்தேகம் கேட்டுக்கினு இருக்கேன் சார்!"

இங்கிரீட் அம்மா சத்தம் வராமல் குலுங்கிச் சிரித்தாள். பிறகு கழுத்திலிருந்து இடுப்பு வரை முன்பக்கமாக ஒரு விரலால் கோடு இழுத்துக் காட்டினாள்.

"முன்னாடி!" வேணு துள்ளிக்கொண்டு கிளம்பினான். இதையெல்லாம் வாசல் கேட்டுக்கு வெளியே நின்ற அர்ஜுனன் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தது அன்று சாயங்காலத்துக்குள் வேங்கிக்கால் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

காசியம்மாள் வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவவில்லை. நேரே ஆட்டோவுக்குப் போய் சீட்டைத் தூக்கினாள். டீ-சர்ட் ஒரு கையில் வந்தது. தருமன் அன்றே தைத்துக் கொடுத்திருந்த கறுப்புக் குடைத்துணி ஜாக்கெட் மறு கையில் வந்தது.

"யாருதுயா இது?"

"இங்கிரீட் அம்மாவுது."

"அவ பனியனு உன் வண்டில இன்னா பண்ணுது?"

"அளவுக்குக் குடுத்தாங்க."

"இன்னா அளவு?"

"ஜாக்கெட் அளவு."

காசியம்மாள் டீ-சர்ட்டை அவன் மேல் வீசினாள். கல் சுமக்கிற கை. துணிகூட வலித்தது. "கட்னவளுக்கு என்னிக்காவது நீ ஜாக்கெட்டுக்கு அளவு குடுத்திருக்கியா? முன்னாடி ஹூக்கா, பின்னாடி ஹூக்கானு கேட்டிருக்கியா? ஊரான் வூட்டுப் பொம்பளைக்கு நெஞ்சத் தட்டித் தட்டிக் காட்டுனியாமே!"

"அது மௌனத்துல இருக்குதும்மே!"

"நாளைக்கி நானும் வர்றேன். யாரு மௌனத்துல இருக்காங்க, யாரு மயக்கத்துல இருக்காங்கனு பாக்கலாம்."

மறுநாள் வேலைக்குப் போகாமல் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்தில் இங்கிரீட் அம்மா பைஜாமாவும் தொளதொள குர்தாவுமாக நடந்துகொண்டிருந்தாள். வயது அறுபது இருக்கும். காசியம்மாளைப் பார்த்ததும் கைகூப்பிச் சிரித்தாள். காசியம்மாளின் கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதிப் பாதிக்கு மூளை வேலை செய்தது.

"யோவ், இந்தம்மா பேண்ட்டு போடுது."

"ஆமா."

"சேல கட்டாதவளுக்கு இன்னாத்துக்குய்யா ஜாக்கெட்டு?"

வேணு ஆட்டோ சீட்டைத் திரும்பிப் பார்த்தான். நேற்று முழுக்க இந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவில்லை. தருமனுக்கும் தோன்றவில்லை. தொழில் மும்முரத்தில் இரண்டு ஆம்பிளைகளும் சேலையை மறந்துவிட்டார்கள்.

ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்த சுப்பிரமணி பட்டாளத்தில் இருந்து வந்தவர். லடாக்கில் பனியில் நின்றவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆற்றிக்கொண்டிருந்த டீ தரையில் வழிய வழியச் சிரித்தார்.

"அட மடச்சாம்பிராணி! அவ பேசுனது இங்கிலீஷ்டா. இங்கிலீஷ்ல ஜாக்கெட்னா கோட்டு! வாட்டர் ப்ரூஃப், சாஃப்ட்டுனு சொன்னாங்களா? அது சாஃப்ட் ஷெல் ஜாக்கெட். மழைக்கும் குளிருக்கும் போடுறது. நார்வேல பொறந்ததுமே மாட்டி வுட்ருவாங்க."

"முன்னாடினு கோடு இழுத்துக் காட்டுச்சேண்ணே?"

"ஜிப்புடா! ஜிப்பு!"

ஸ்டாண்டே சிரித்தது. அர்ஜுனன் தன் ஆட்டோவில் இருந்தபடியே, "லேடீஸ் டெய்லர் வேணு! எனுக்கும் ஒண்ணு தைச்சுக் குடு, ஹூக்கு பின்னாடி!" என்று கூவினான். மறுநாளே அவன் வண்டிக்குப் புது ரெக்சின் சீட்டும், முன்னால் சாமந்தி மாலையும் வந்துவிட்டன.

வேணுவுக்கு அவமானம் தாங்கவில்லை. குடைத்துணி ஜாக்கெட்டைக் கத்தரியால் வெட்டினான். ஒரு கையை மீட்டருக்கு மாட்டினான். முதுகுத் துண்டை ஹெட்லைட்டு மேல் கட்டினான். மிச்சத்தை வண்டி துடைக்க வைத்துக்கொண்டான். மழை ஒரு சொட்டு இறங்கவில்லை. தருமன் நல்ல தொழில்காரன்.

"இன்னும் நாள் இருக்குது," என்றாள் காசியம்மாள். இப்போது அவள் இவன் கட்சி. புருஷனை வீட்டுக்குள் அவள் திட்டலாம். ஸ்டாண்டில் வேறொருத்தன் சிரிக்கக் கூடாது. "நல்ல கோட்டாப் பாத்து வாங்குவோம். எழுந்திரு."

சுப்பிரமணியையும் ஏற்றிக்கொண்டு, திருப்பூர் எக்ஸ்போர்ட் மிச்சம் விற்கும் திருமலை கடைக்குப் போனார்கள். திருமலை கோட்டுகளை மலை போலக் குவித்தார். சுப்பிரமணி ஒவ்வொன்றாகக் கசக்கிக் காதருகே வைத்துக் கேட்டார்.

"இன்னாண்ணே, பாட்டு வருதா?"

"சலசலனு சத்தம் வந்தா அது வெறும் ரெயின்கோட்டு. சாஃப்ட் ஷெல் சத்தம் போடாது. உள்ள மெத்துனு இருக்கும். மேல தண்ணி உருண்டு ஓடும். தையல் மேல டேப்பு ஒட்டியிருக்கணும். இல்லனா ஊசி போன ஓட்டை வழியாத் தண்ணியும் போவும்."

"ஆம்பள கோட்டும் பொம்பள கோட்டும் ஒண்ணுதானே?" என்றான் வேணு.

"ஒண்ணா? மாட்டிப் பாத்தாத்தான தெரியும்," என்ற காசியம்மாள் ஒரு ஆம்பிளைக் கோட்டை மாட்டினாள். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது, இடுப்பில் ஜிப் ஏறவில்லை. "பாத்தியா? இது இடுப்பே இல்லாதவனுக்குத் தைச்சது."

லேடீஸ் கோட்டுகளில் மூன்று தேறின. "எல்லாம் ஒரிஜினல் வாட்டர் ப்ரூஃப்மா," என்றார் திருமலை.

"வாய்ல சொன்னா ஆச்சா?" முதல் கோட்டை மாட்டிக்கொண்டு காசியம்மாள் வாசலில் போய் நின்றாள். "ஊத்துயா."

கடை வாசல் டிரம்மில் இருந்து வேணு ஒரு குடம் மொண்டு ஊற்றினான். தோள் தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. கழற்றிப் போட்டாள். இரண்டாவது கோட்டில் தண்ணீர் இறங்கவில்லை, சாயம் இறங்கியது. சேலை முழுக்க ஊதா.

"யம்மா, இது துணிக்கட! கொளத்தாங்கர இல்ல!" திருமலை தலையில் கையை வைத்துக்கொண்டார். தீபத்துக்கு வந்திருந்த கூட்டம் சுற்றி நின்றுவிட்டது. ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது கருநீலம். தொப்பியை இழுத்துவிட்டு, கழுத்து வரை ஜிப்பை ஏற்றி, இரண்டு கையையும் விரித்து நின்றாள். வேணு ஊற்றினான். தண்ணீர் சேம்பு இலையில் ஓடுவதுபோல் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"உள்ள?"

அவள் கழுத்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பழைய ஈரத்துக்கு மேல் ஒரு சொட்டு ஏறவில்லை. முகம் மாறிவிட்டது. நினைவு தெரிந்த நாளில் இருந்து தண்ணீர் அவள் முதுகில் விழுந்தால் உடம்புக்குள் போய்த்தான் நின்றது.

"இன்னொரு கொடம் ஊத்துயா," என்றாள் மெதுவாக.

"அதான் நனையலியே?"

"ஊத்துயா, சும்மா!"

வேணு ஊற்றினான். அவள் சிரித்தாள். இன்னொன்று ஊற்றினான். வீதியில் நின்று, தொப்பிக்குள் இருந்து பல் தெரிய, ரங்கராட்டினத்தில் ஏறிய பிள்ளை மாதிரி சிரித்தாள். டிரம் காலியானதும்தான் நின்றாள். சுப்பிரமணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதான் சாஃப்ட் ஷெல்," என்றார்.

அதிலேயே ரெண்டு சைஸ் பெரியது திருமலையிடம் இல்லை. இது காசியம்மாளுக்கே கொஞ்சம் தொளதொளப்பு. இழுத்துப் பிடித்தால் இங்கிரீட் அம்மாவுக்கும் சேரும் என்று வாங்கிவிட்டார்கள்.

தீபத்துக்கு முதல் நாள் விடியும்போதே மழை கொட்டியது. மலை இருந்த இடம் தெரியவில்லை. கோட்டு நனையாது என்று காட்டுவதற்காகவே காசியம்மாள் அதை மாட்டிக்கொண்டு வந்தாள். அப்படித்தான் சொன்னாள். வேணு நம்பியதாகக் காட்டிக்கொண்டான்.

கெஸ்ட் ஹவுஸ் வாசலில் சாமந்தி மாலையோடு அர்ஜுனனின் ஆட்டோ முன்னதாகவே நின்றிருந்தது.

"இன்னா டெய்லரே, ஹூக்கு வச்சாச்சா?"

"வாய மூடுறா. நீயும் கொஞ்ச நாளு மௌனத்துல இரு," என்றாள் காசியம்மாள்.

இங்கிரீட் அம்மா தலையில் இருந்து கால் வரை ஒரு பெரிய போர்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். ராமகிருஷ்ணன் குடை பிடித்தார். காசியம்மாள் அவசரமாகக் கோட்டைக் கழற்றப் போனாள். இங்கிரீட் அம்மா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். தூர நின்று பார்த்தாள். தொப்பியைச் சரி செய்தாள். ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து ஏற்றிவிட்டு, கன்னத்தைத் தட்டி, 'உனக்குத்தான்' என்று விரலால் காட்டினாள்.

"எனுக்கா?" காசியம்மாள் கோட்டின் கையைத் தடவிப் பார்த்தாள்.

பிறகு இங்கிரீட் அம்மா இரண்டு ஆட்டோவையும் பார்த்தாள். சாமந்தி மாலையைப் பார்த்துக் கும்பிட்டாள். நேரே நடந்து வேணுவின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"தை வரைக்கும் நம்ம வண்டிதான்!" வேணு காசியம்மாளின் தோளில் ஓங்கி ஒன்று போட்டான். கோட்டில் இருந்து தண்ணீர் தெறித்தது. அர்ஜுனன் மாலையைக் கழற்றித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனான்.

"மௌனம் முடியுது, மௌனம் முடியுது," என்று ராமகிருஷ்ணன் குடையைச் சாய்த்துப் பிடித்தார். "மொதல் வார்த்தை. சாமி வாக்கு மாதிரி. எல்லாம் கேட்டுக்குங்க."

எல்லாரும் ஆட்டோவைச் சுற்றிக் குனிந்தார்கள். இங்கிரீட் அம்மா மெதுவாகப் போர்வையை விலக்கினாள். உள்ளே, வேறொரு வெள்ளை டீ-சர்ட்டுக்கு மேல், கொசுவம் கலையாமல் பச்சை நிறத்தில் அரக்குக் கரை போட்ட கைத்தறிச் சேலை கட்டியிருந்தாள்.

"கோட்டு என்கிட்டயே மூணு இருக்குது வேணு," என்றாள் அட்சர சுத்தமான தமிழில். "நான் கேட்டது ஜாக்கெட்டு."