எட்டாவது பேனலின் கௌரவம்

சூரியன் என்பது கேட்பாரற்று, தலைமை அதிகாரி இல்லாமல், காலங்காலமாகத் தன் போக்கில் எரிந்துகொண்டிருந்த ஒரு பொருள். அதை முதன்முதலில் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தவர் என் மச்சான். மனைவியின் அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. எரிசக்திச் சிக்கன அலுவலகத்தில் அவர் உதவி இயக்குநர். 'சிக்கனச் செம்மல்' என்றுதான் அங்கே எல்லோரும் அழைக்கிறார்கள். அப்படி அழைக்கும்படி அவரே சுற்றறிக்கை விட்டிருந்தார்.

அலுவலகக் கூரையில் இருந்த பழைய சோலார் பேனல்களைக் கழித்துக்கட்ட முடிவானபோது மச்சானுக்கு மனம் பொறுக்கவில்லை. எட்டையும் லாரியில் ஏற்றி எங்கள் மாடிக்கு அனுப்பினார்.

"பழசுன்னு சொல்லாதீங்க மாப்பிள்ளை. 'அனுபவமுள்ள' பேனல்னு சொல்லுங்க" என்றார்.

அதே கையோடு மின்வாரிய இணைப்பையும் துண்டிக்க வைத்தார். 'முழுச் சூரிய இல்லம்' என்ற பலகை வாசலில் ஏறியது. வீட்டுக்குள் இருட்டு ஏறியது.

எட்டுப் பேனலும் சேர்ந்து ஃபேனை அசைத்தன, சுற்றவைக்கவில்லை. பகலில் பேட்டரி நிறையாததால் விடிவதற்குள் எல்லாம் அணைந்துவிடும். நான் வியர்வைக்குப் பழகிக்கொண்டேன். ஆனால் பின்னறையில் இருந்த இன்குபேட்டருக்கு அந்தப் பக்குவம் இல்லை. காடை முட்டைகளை அடைகாக்கும் மின்சாரப் பெட்டி அது. துணிக்கடை வேலை போன பிறகு என் மனைவி அதை நம்பித்தான் தொழில் தொடங்கியிருந்தாள். சூடு இறங்கினால் குஞ்சு கிடையாது. முதல் தடவை வைத்த முட்டைகள் அத்தனையும் கெட்டுப்போயின.

"அண்ணா, கரண்டு பத்தல. பேனல்ல ஏதோ கோளாறு" என்றாள்.

மச்சான் உடனே செயலில் இறங்கினார். பேனலை ஆராய ஒரு பேனல் அமைத்தார்.

நிபுணர்கள் மூவர் வந்தார்கள். வெயில் கடுமையாக இருந்ததால் மாடியில் முதலில் பந்தல் போடப்பட்டது. அதன் நிழல் பேனல்களின் மேல் கச்சிதமாக விழுந்தது.

"சார், நாம வந்தப்புறம் உற்பத்தி இன்னும் இறங்கியிருக்கு" என்றார் மீட்டரைப் பார்த்த முதல் நிபுணர்.

"நம்மளப் பாத்து பயந்திருக்கும்" என்றார் இரண்டாமவர்.

"பயம் இல்ல, மரியாதை" என்று திருத்தினார் மச்சான்.

மூன்றாமவர் குளிர்பானத்துக்கு மட்டும் வாய் திறந்தார்.

முடிவில் குற்றம் பக்கத்து வீட்டு மரத்தின் மேல் விழுந்தது. அந்த மரத்தின் நிழல் எங்கள் மாடியை ஒருநாளும் தொட்டதில்லை. 'தொடும் உத்தேசம் இருக்கலாம்' என்று குழு கருதியது. மரத்தை வெட்டினார்கள். மின்சாரம் வரவில்லை, பக்கத்து வீட்டாருடன் இருந்த பேச்சுவார்த்தை போனது.

பொறுத்துப் பார்த்த என் மனைவி ஒருநாள் காலையில் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரோடு மாடி ஏறினாள். நான் இணைப்பைத் துண்டித்தேன். அவள் தூசியைத் துடைத்து, பேனல்களைத் தனித்தனியாகப் பிரித்து அளந்தாள். ஏழு பேனல்கள் வயதுக்கு மோசமில்லாமல் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. எட்டாவது ஒன்றுமே காட்டவில்லை. அதன் பின்புறப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கருகல், தீய்ந்த வாடை.

"எல்லாத்தையும் ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்து வச்சிருக்காரு. இது நடுவுல வழிய மறிச்சுக்கிட்டு நின்னா மத்த ஏழும் என்னங்க செய்யும்?"

எட்டாவதை விலக்கிவிட்டு மீதியைக் கோத்தோம். ஃபேன் சுற்றியது. அவள் புது முட்டைகள் வைத்தாள். பொரிக்கும் நாள் நெருங்கியபோது, பெட்டியில் காதை ஒட்டவைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்களேன்! உள்ள கீச்சு கீச்சுன்னு கத்துதுங்க!"

அந்த வாரம்தான் சிக்கன விருதுக்கு மச்சானின் பெயர் போயிருந்தது. தேர்வுக் குழு எங்கள் வீட்டைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்கள் வரவிருந்த நாளில் என் பெரியப்பா இறந்த செய்தி வந்தது. சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

"பின்னறைப் பெட்டிய மட்டும் தொட்டுடாதீங்கண்ணா" என்று அவள் இரண்டு முறை சொன்னாள்.

மறுநாள் திரும்பி வந்தபோது எட்டாவது பேனல் பழைய இடத்தில் கம்பீரமாக இருந்தது. இன்குபேட்டரில் விளக்கு எரியவில்லை. அவள் மூடியைத் திறந்து ஒரு முட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. சில முட்டைகளில் ஓடு விரிசல் விட்டு, அலகின் நுனி வெளியே தெரிந்தது. அசையவில்லை.

மச்சானைப் போனில் பிடித்தாள்.

"எட்டுப் பேனல் வீடுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். ஏழா இருந்தா என் கௌரவம் என்னாகும்?" என்றார். "மாட்டினதும் கரண்டு இறங்கிடுச்சு. குழு வர்ற நேரம் பாத்து ஃபேன் நிக்கலாமா? அதான் பெட்டிய அணைச்சேன்."

"அவங்க போனதும் திரும்பப் போட்டிருக்கலாமேண்ணா?"

"பாராட்டுல மறந்துட்டேம்மா. முட்டைதானே, வேற வாங்கிக்கலாம்."

"உள்ள கத்திக்கிட்டிருந்துச்சுண்ணா" என்றாள். போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விருது விழாவுக்கு அவள் வரவில்லை. நான் போனேன். 'ஒரு யூனிட் மின்சாரத்தைக்கூட வீணாக்காத மாமனிதர்' என்று மேடையில் முழங்கினார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் எழுந்தேன். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் மச்சான் வீணாக்கிய எதையும் யூனிட்டில் அளக்க முடியாது.