பொருத்தம் அண்ணன் பிரித்த ஆறு தோட்டாக்கள்

மதுரை ஜில்லாவிலேயே வெடிமருந்துக்கு ஜாதகம் பார்த்த ஒரே மனிதர் எங்கள் ‘பொருத்தம்’ அண்ணன்தான். எழுபதுகளின் கடைசியில், கோச்சடைப் பக்கம் இருந்த எங்கள் துப்பாக்கிக் கிளப்பில், சுட்டு முடித்த ரிவால்வர் தோட்டாக்களுக்கு மறுபடி மருந்தும் குண்டும் போட்டுத் தருவது அவர் வேலை.

அவரிடம் இரண்டு சீமைப் புத்தகங்கள். எந்தக் குண்டுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று இரண்டிலும் அட்டவணை உண்டு. இரண்டும் ஒத்துப்போனதே கிடையாது. அண்ணன் பெண் வீட்டுக்காரர் மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டே பார்த்துவிட்டு, குறைந்த அளவைத்தான் எடுப்பார்.

“இம்புட்டுக்காணு மருந்து போட்டா குண்டு நடந்துல்லண்ணே போகும்?”

“நடந்தாலும் முன்னாடிதான தம்பி போகுது. பின்னாடி வரலைல்ல.”

மருந்து போடும்போது யாரும் பேசக்கூடாது. பேசினால் போட்டதையெல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒருமுறை செயலாளர் தும்மினார். அதற்கும் கொட்டினார்.

அந்த வருஷம் போட்டியில் என் மச்சானோடு மோத வேண்டும். ‘நீங்க சுட்டா காக்கா கூடப் பறக்காது’ என்று விருந்துக்கு விருந்து சொல்லிச் சிரித்தவர். ஜெயித்தே ஆகவேண்டும். அண்ணன் டீ குடிக்கப் போன நேரம், கூடுதல் அளவைப் பார்த்து நானே ஆறு தோட்டா தயார் செய்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் கேட்டார்: “போடுறப்ப யாரும் பேசுனாங்களா?”

“டீ வேணுமான்னு ஒருத்தர் கேட்டாரு. அம்புட்டுதான்.”

அண்ணன் உட்கார்ந்து ஒவ்வொரு குண்டாகப் பிடுங்க ஆரம்பித்தார். மைதானத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கெஞ்சினேன். “ஒங்க பொருத்தத்தத் தூக்கி வைகையில போடுங்கண்ணே” என்று கத்தினேன். மூன்றாம் முறை கூப்பிட்டு, பெயரை அடித்தும் விட்டார்கள்.

நாலாவது தோட்டாவைக் காகிதத்தில் கொட்டினார். மற்றதைப் போல இரண்டு மடங்கு மருந்து. சுட்டிருந்தால் ரிவால்வர் என் கையிலேயே பிளந்திருக்கும்.

செயலாளர் கோபமாக வந்தார். அண்ணன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். “தப்பு எம்மேலதான். தோட்டா குடுக்க லேட்டாயிருச்சு.”

கிளப்பே அவரை ஏசியது. நான் வாயே திறக்கவில்லை.

மச்சான் இன்றைக்கும் அந்த வருஷம் ஜெயித்த கோப்பையைக் காட்டுவார். காட்டட்டும். முப்பது வருஷமாக இந்த வலது கையால் என்னென்னமோ எழுதிவிட்டேன். அண்ணனைப் பற்றி இப்போதுதான் எழுதுகிறேன் என்பதுதான் வெட்கமாக இருக்கிறது.