நீங்களும் வாங்களேன்

“நீங்களும் வாங்களேண்ணா” என்று வாய் சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது தனபாலுக்கு உறைத்தது.

எதிரே அண்ணன் பொங்கியண்ணன் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தனபால் சொன்னது வெறும் மரியாதைக்கு. கொங்கு நாட்டில் ஒருவர் எங்கே கிளம்பினாலும், கண்ணில் படுகிறவரிடம் “நீங்களும் வாங்களேன்” என்று சொல்லியாக வேண்டும். “இருக்கட்டுமுங்க, நீங்க போயிட்டு வாங்க” என்று அவரும் சொல்லியாக வேண்டும். அத்தோடு மரியாதை முடிந்து அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விடலாம். அன்னூரில் இதுவரை அப்படித்தான் நடந்துவந்தது.

பொங்கியண்ணன் தோசையை விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

“சரி, வாரோம்” என்றார்.

ஆனால் தனபால் இந்தப் பயணத்தையே போட்டது மனைவி ராமாமணிக்காக.

அவர்கள் இருவருடைய கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் ஒருநாள், “உனக்கு என்ன வேணும் புள்ள?” என்று தனபால் மனைவியைக் கேட்டிருந்தார். வருடா வருடம் கேட்பதுதான். “எனக்கென்னங்க வேணும்” என்று வருடா வருடம் அவளும் சொல்வாள். இந்தத் தடவை ராமாமணி அந்தப் பக்கம் ஒரு பார்வை, இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “ஒரே ஒரு நாள் பட்டறைக்கு லீவு போடுங்க. அது போதுமுங்க” என்றாள். அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அண்ணன் மனைவி காளியாத்தாள் புளி கேட்டு வந்துவிட்டாள். பேச்சு அங்கேயே நின்றது.

அது அந்த வீட்டு வழக்கம். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே. காலையில் பால்காரர் கதவைத் தட்டுவதில் ஆரம்பித்தால், பூக்காரம்மா, பக்கத்து வீட்டு அப்புசாமி வாத்தியார், ஓசியில் போன் பேச வருகிறவர்கள் என்று ராத்திரி வரைக்கும் யாராவது உள்ளே இருப்பார்கள். புருசனும் பெண்டாட்டியும் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடிப்பதற்கு மறுநாள் ஆகிவிடும்.

அன்றைக்கு முழுக்கப் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டே தனபால் அந்தப் பாதி வாக்கியத்தை யோசித்தார். லீவு எதற்குக் கேட்பாள்? எங்கேயாவது கூட்டிப் போகச் சொல்லித்தான் கேட்பாள். கல்யாணம் ஆன புதிதில் மருதமலைக்குப் போனார்கள். அதுவும் அண்ணன், நங்கை என்று அவர் கூப்பிடும் அண்ணி, அவர்கள் பிள்ளைகள் எல்லாரோடும் போனது. அதற்குப் பிறகு ஒரு கோயில் உண்டா, ஒரு சினிமா உண்டா? நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் வாய் திறந்து எதையும் கேட்காதவள் கேட்டிருக்கிறாள், இதை நடத்திக் காட்டாவிட்டால் நானெல்லாம் ஒரு மனுசனா என்று முடிவு கட்டினார்.

மேட்டுப்பாளையம் பக்கம் புதிதாகத் தண்ணீர் பார்க் திறந்திருந்தார்கள். சறுக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் விழலாமாம், கடல் மாதிரி அலைகூட வருமாம். தான், ராமாமணி, மகள் நித்யஸ்ரீ. ஒரு வாடகைக் கார். முடிந்தது.

“டூருங்களா?” என்றாள் ராமாமணி. அவள் முகம் என்னவோ போல் ஆனது.

சந்தோசத்தை நம்ப முடியவில்லை போலிருக்கிறது என்று தனபால் நினைத்துக்கொண்டார்.

இப்போது அந்த டூருக்குத்தான் அண்ணன் “வாரோம்” என்கிறார்.

“ஏந் தம்பி, மேட்டுப்பாளையம் வரைக்கும் போறமே” என்று காளியாத்தாள் அடுப்படியிலிருந்து வந்தாள். “அப்படியே சத்தியமங்கலத்துக்குப் போனா எங்க ஊரு. எங்கம்மா ஊட்டை ஒரு எட்டு பாத்துப்போட்டு வந்தரலாமல்லொ?”

அந்த ஒரு எட்டு, போக வர அரை நாள் பிடிக்கும். நங்கையிடம் மாட்டேன் என்று சொல்வதெப்படி?

“அதுக்கென்னுங் நங்கை, போலாமுங்க” என்றார் தனபால்.

கார் ஜீப்பானது.

“சத்தி வரைக்கும் போயிட்டு, போத்தனூர்ல இருக்கற அக்காளுக்கு ஒரு வார்த்தை சொல்லுலீன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்” என்றார் பொங்கியண்ணன். அதுவும் நியாயம்தான். தகவல் மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்று தனபால் போத்தனூருக்குப் போன் போட்டார். அக்கா நஞ்சம்மாள் எடுத்தாள். இரண்டு நிமிசம் நல்லாத்தான் பேசினார். போனை வைக்கும்போது பழக்க தோசம்.

“நீங்களும் வாங்களேங்க்கா.”

“வாரேன் சாமி! மாமனுக்கும் லீவுதான். ஆனா எங்களைக் கூப்பிட நீ போத்தனூர் வரோணும். வந்தா அப்படியே கோயமுத்தூர்ல கடைவீதியில நாலு துணி எடுத்துக்கலாம். புள்ளைங்களுக்கு வ.உ.சி. பார்க்குல மயில், மானெல்லாம் காட்டிப்போட்டு, அப்பறம் மேட்டுப்பாளையம் போலாம்.”

ஆக, காலையில் கோயமுத்தூர், மத்தியானம் தண்ணீர் பார்க், சாயங்காலம் சத்தியமங்கலத்துக் கிராமம். ஜீப் போதாது என்று வேனானது. தனபால் ராமாமணியைத் தேடிப்போய், தலையைச் சொறிந்துகொண்டு விசயத்தைச் சொன்னார். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தார்.

ராமாமணி அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுச் சற்று யோசித்தாள்.

“உங்க அண்ணனும் உங்க நங்கையாளும் வாராங்க, அவங்க பசங்களும் வாராங்க. அப்ப அன்னைக்கு ஊட்டுல ஆருமே இருக்க மாட்டாங்களாங்க?”

“பயப்படாத அம்மணி. திருட்டுப் பயந்தானே? நான் ஏற்பாடு பண்றேன்.”

தனபால் அன்றைக்கே அப்புசாமி வாத்தியாரிடம் போய், அன்று முழுக்க எங்கள் வீட்டு ஆசாரத்தில், அந்த முன்கூடத்திலேயே உட்கார்ந்து காவல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வாத்தியார் பேப்பரும் விசிறியுமாக வந்துவிடுவதாகச் சொன்னார். இதைக் கேட்டதும் ராமாமணிக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாள் சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் பணியாரம் எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து, “வாத்தியாரும் அவங்க ஊட்டுக்காரம்மாளும் நம்மகூட வாராங்க” என்றாள்.

“அட! அப்ப காவலுக்கு?”

“பூட்டு இருக்குதுங்களே. பாவம், வயசான காலத்துல அவரு மட்டும் எதுக்குங்க தனியா உக்காந்திருக்கோணும்?”

அதற்குப் பிறகு தனபாலைவிட அவள்தான் அதிகம் கூப்பிட்டாள். ஒருநாள் பூக்காரம்மாவைக் கூப்பிட்டுவிட்டு வந்தாள். இன்னொரு நாள், “பாவமுங்க, பால்காரரு. வருசம் முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும் நம்ம கதவத் தட்டறாரு. ஒருநாள் அவரும் சந்தோசமா இருக்கட்டுமே” என்றாள்.

தனபாலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தனக்கென்று கிடைத்த ஒரே ஒரு பயணத்தைக்கூட ஊருக்கே பங்கு வைக்கிறாளே, என்ன மனசு இவளுக்கு! அந்த மனசுக்காகவாவது பயணத்தில் ஒரு குறையும் வரக் கூடாது என்று, கடைவீதியில் வேன் வாடகைக்கு விடும் வெங்கடபதியிடம் போய், இருக்கிற வேனிலேயே பெரிய வேனைப் பேசினார்.

“டிரைவருக்குப் பக்கத்து சீட்டு, ஜன்னலோரம், அது எங்க ஊட்ல அவளுக்கு. அதுல ஆரும் உக்காரப்படாது” என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தார்.

கிளம்புவதற்கு முதல் நாள் வீடே அமளிப்பட்டது. கட்டுச்சோற்றுக்குப் புளி கரைப்பதும், துண்டு தேடுவதுமாக ஆளாளுக்கு ஓடினார்கள். ராமாமணி தேங்காய் வாங்கி வருகிறேன் என்று கடைவீதிக்குப் போனவள் நெடுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள்.

“தேங்காய் எங்க புள்ள?”

“அட, மறந்துட்டேனுங்க” என்று சிரித்தாள். சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை அவளுக்கு, பாவம் என்று தனபாலும் சிரித்தார்.

விடிந்தது. வேன் வந்து நின்றது. தனபால் அதை முன்னாலிருந்து பார்த்தார், பின்னாலிருந்து பார்த்தார்.

“ஏம்ப்பா, நான் பேசினது பெரிய வேனு. இது சின்னதால்ல இருக்குது?”

“மொதலாளி இதைத்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னாருங்கண்ணா” என்றான் டிரைவர். “சீட்டுக்கு மேல ஒரு ஆளு ஏறப்படாதுன்னும் கண்டிசனாச் சொல்லிட்டாருங்க.”

தனபால் உள்ளே ஓடி வெங்கடபதிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்நேரத்துக்குக் கடை திறந்திருக்காது.

வெளியே வந்தால் எல்லாரும் ஏறியிருந்தார்கள். கூப்பிட்டவர்கள் கடைசியில்தானே ஏற வேண்டும்? பந்தியில்கூட வீட்டுக்காரர் கடைசியில்தான் உட்காருவார். அதனால் எல்லாரும் ஏறி முடித்தபோது, கீழே நின்றது தனபாலும் ராமாமணியும் மட்டும்தான். அந்த ஜன்னலோரச் சீட்டில், மடியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, போகிற வழியில் கூப்பிட்டுக்கொள்வதாக இருந்தும் ‘எதுக்கு உங்களுக்குச் சிரமம்’ என்று நேற்று ராத்திரியே போத்தனூரிலிருந்து வந்து இறங்கிவிட்ட நஞ்சம்மாள் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

விசயம் தெரிந்ததும் வேனுக்குள் மரியாதை பொங்கியது.

“நான் எறங்கிக்கறேன், ராமாமணி ஏறட்டும்” என்று அக்கா இறங்கினாள்.

“நீங்க உக்காருங்கக்கா. நாங்க எறங்கிக்கறோம்” என்று காளியாத்தாள் இறங்கினாள்.

“பெரியவங்க இருங்க, நான் நின்னுக்கறனுங்க” என்று பால்காரர் இறங்கினார். அவரைப் பார்த்துப் பூக்காரம்மா இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வேன் காலியாகி, எல்லாரும் தெருவில் நின்று ஒருவரை ஒருவர் ஏறச் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஆரன் அடித்தான். எல்லாரும் திரும்ப ஏறினார்கள். திரும்பவும் கீழே நின்றது தனபாலும் ராமாமணியும்தான்.

“நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. எனக்கு வெயிலு ஆகாதுங்க, நான் ஊட்டுல இருந்துக்கறேன்” என்றாள் ராமாமணி.

அப்புசாமி வாத்தியார் படியில் ஒரு காலை வைத்தபடி, “தனபாலு, நானாச்சும் எறங்கிக்கறேன், நீ வந்து ஏறு. டூரு நடத்தறவனே நீதானப்பா. நீ இல்லாம எப்படி?” என்றார்.

தனபால் வேனைப் பார்த்தார். உள்ளே மகள் துள்ளிக்கொண்டிருந்தாள். ராமாமணியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து, கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றாள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருப்பது போல இருந்தது.

“அவளுக்காகப் போட்ட டூருங்க வாத்தியாரே. அவ இல்லாம நான் போய் என்ன சறுக்கு சறுக்கறது? நீங்க உக்காருங்க” என்றார் தனபால்.

அண்ணன் கையில் பணப்பையைக் கொடுத்து, மகளைப் பெரியம்மா பக்கத்தில் உட்காரச் சொல்லி, எல்லாருக்கும் கையை ஆட்டி அனுப்பிவைத்தார். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பிப் போனது. தெருவில் ஒரு சத்தம் இல்லை.

தனபால் ராமாமணி பக்கம் திரும்பினார்.

“மன்னிச்சுக்க ராமாமணி. நீ வாய் தொறந்து கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் கெடுத்துப்போட்டேன். ஊரெல்லாம் உன்ற டூருக்குப் போறாங்க, நீ வாசல்ல நிக்கற.”

“அட, உடுங்க” என்றாள் ராமாமணி. அவள் குரலில் ஒரு வருத்தத்தையும் காணோம். “மொதல்ல அந்தக் கதவச் சாத்திப்போட்டு வாங்க.”

அவள் உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் அரிசியும்பருப்புஞ் சோற்றுக்குச் சின்ன வெங்காயம் வதங்கும் வாசம் வந்தது. அது தனபாலுக்கு உயிர். அத்தனை பேருக்குச் சமைக்கிற வீட்டில் அது அவருக்காக மட்டும் என்று ஒருநாளும் வெந்ததில்லை. அடுப்படியிலிருந்து மெல்லிசாக ஒரு பாட்டுக்கூடக் கேட்டது. வருத்தத்தை மறைக்கப் பாடுகிறாள் என்று நினைத்ததும் தனபாலுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடை திறக்கும் நேரம் வரட்டும் என்று போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, திறந்ததும் வெங்கடபதியைப் பிடித்தார்.

“ஏனுங் வெங்கடபதி, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? பெரிய வேன் பேசினவனுக்குச் சின்ன வேன அனுப்பி, ரெண்டு பேரை நடுத்தெருவுல நிறுத்திப்போட்டீங்களே! அதுவும் ஆர? என்ற ஊட்டுக்காரிய! அவ ஆசை ஆசையாக் காத்திருந்த டூருங்க!”

மறுமுனையில் வெங்கடபதி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தனபாலண்ணா, கோவிச்சுக்காதீங்க, பெரிய வேன் இந்தா இங்கதான் நிக்குது. நேத்து சாயங்காலம் உங்கூட்டு அம்மணிதானுங்க வந்து, ‘ஒரு சீட்டு கொறஞ்சா நான் மட்டுந்தான் நிப்பேன், ரெண்டு சீட்டு கொறைவா ஒரு வண்டி குடுங்க, அப்பத்தான் எங்கூட்டுக்காரரும் என்கூட ஊட்டுல நிப்பாரு’ன்னு சொல்லி, பாத்துப் பாத்து வண்டியப் புடிச்சுட்டுப் போனாங்க!”