ஒசாகா போய்வந்த நாக்கு

நாக்கு எல்லாருக்கும் உண்டு. ஆனால் வெளிநாடு போய்வந்த பெட்டியில் விமானச் சீட்டைக் கிழிக்காமல் வைத்திருப்பதுபோல, நாக்கையும் வைத்திருக்கிற இனம் ஒன்று நம்மிடையே உலவுகிறது. போனில் கடைகளுக்கு நட்சத்திரம் போடுகிறவர் என்று அதற்குப் பெயர். வண்ணார்பேட்டையில் பார்க்கலாம், பாளையங்கோட்டையில் பார்க்கலாம். எந்தப் புதுக் கடையில் தகோயாகி சுட ஆரம்பித்தாலும் மறுநாள் சாயங்காலமே அங்கே வந்து உட்கார்ந்திருப்பார். பசித்து வரமாட்டார். தீர்ப்புச் சொல்ல வருவார்.

தகோயாகி என்றதும் மிரளவேண்டாம். ஜப்பான்காரர்கள் சாயங்காலத்தில் கொறிக்கிற பண்டம். கோதுமை மாவைத் தண்ணீராகக் கரைத்து, குழிக்கல்லில் ஊற்றி, நடுவில் ஆக்டோபஸ் என்கிற பேய்க்கணவாய்த் துண்டு ஒன்றைப் போட்டு, ஊசியால் திருப்பித் திருப்பி உருட்டி எடுத்து, கறுப்பாக ஒரு சாஸும் வெள்ளையாக மயோனைஸும் ஊற்றி, மேலே மெல்லிசாகச் சீவிய மாசிக் கருவாட்டைத் தூவிக் கொடுப்பார்கள். ஆவியில் அந்த மாசி நெளிந்து நெளிந்து ஆடும். நீங்களும் நானும் பார்த்தால் கணவாய் வைத்த குழிப்பணியாரம் என்போம். நட்சத்திரம் போடுகிறவர் காதில் அது விழுந்தால், அன்றோடு நம்மிடம் பேச்சை நிறுத்திவிடுவார்.

எங்கள் தெரு மெர்வின் இந்த இனத்தில் முதல் தரம். கம்பெனிப் பயிற்சிக்காகச் சில வாரம் ஒசாகாவில் இருந்தவர். திரும்பி வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மனிதர் இன்னும் தரை இறங்கவில்லை. தாமிரபரணியில் தண்ணீர் வரத்து எப்படி என்று கேளுங்கள், "ஒசாகாவுல ஆறு எப்படி இருக்கும் தெரியுமா அண்ணாச்சி?" என்பார். பல்வலிக்கு வழி கேளுங்கள், ஒசாகா பல் வைத்தியரிடம் கொண்டுபோய் விடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒசாகாவின் சொந்தப் பண்டத்தைச் சும்மா விடுவாரா?

அவர் சாப்பிடும் அழகைப் பார்க்கவேண்டுமே! தட்டு வந்தால் யாரும் தொடக்கூடாது. மனைவி சாலோமி சாப்பாட்டு ஜெபத்துக்குத் தலையைக் குனிந்திருப்பார். இவர் அந்த ஜெபம் முழுக்க ஒரு கையால் தட்டைத் திருப்பி, மறுகையால் போனைச் சாய்த்து, நிழல் விழுகிறதென்று உச்சுக்கொட்டி, ஆமென் வருவதற்குள் நாற்காலிமேல் ஏறி நின்று படமெடுத்திருப்பார். பிறகு பல்குத்தும் குச்சியால் ஒரு குத்து. மோந்து பார்ப்பார். காதருகே கொண்டுபோவார். எதைக் கேட்கிறார்? கர்த்தருக்கே வெளிச்சம். அப்புறம் ஒரு கடி. ஜெபத்துக்கு மூடாத கண்ணை இதற்கு மூடுவார்.

வண்ணார்பேட்டைக் கடைக்கு இரண்டு நட்சத்திரம்: ஏசி குளிர் அதிகம். விக்கிரமசிங்கபுரத்துத் தள்ளுவண்டிக்கு ஒன்று: கார் நிறுத்த இடமில்லை. சரி, உருண்டை எப்படி இருந்தது? "அசல் இல்ல அண்ணாச்சி" என்று உதட்டைப் பிதுக்குவார். அவ்வளவுதான். இதை நம்பித்தான் கல்லூரிப் பிள்ளைகள் பைக்கை எந்தப் பக்கம் திருப்புவதென்று முடிவு செய்தார்கள் என்றால், இந்த ஊர் எங்கே உருப்படும்?

மேலப்பாளையத்தில் ஹாஜாவும் அவர் மனைவி ஆபிதா பீவியும் கடை போட்டது இந்தச் சமயத்தில்தான். கல்யாணமான நாளிலிருந்து ஹாஜா ஷார்ஜாவில் இருந்தார். லீவுக்கு வருவார், பெட்டியைப் பிரிப்பார், மறுபடி கட்டுவார், போவார். இனிமேல் போகமாட்டேன் என்று ஆபிதாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அங்கே ஓட்டல் வேலையில் பழகிய தகோயாகியை நம்பிக் குழிக்கல் வாங்கினார். கடை ஓடினால் வீட்டில் இருப்பார். ஓடாவிட்டால் மறுபடி ஷார்ஜா.

கடை திறந்த அன்றே தம்மாமிலும் மஸ்கட்டிலும் இருக்கிற மச்சான்மார் எல்லாரும், உருண்டையைக் கண்ணால்கூடப் பார்க்காமல், "மாஷா அல்லாஹ், ருசின்னா இதுதான் ருசி" என்று ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுத் தள்ளினார்கள். சொந்தக்காரன் கடைக்கு நாலு போட்டவன் அடுத்த லீவுக்கு எந்த முகத்தோடு ஊருக்கு வருவான்?

மெர்வினுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. சாலோமியையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். தட்டு ஆவி பறக்க வந்தது. மாசி ஆடிக்கொண்டே இருந்ததால் படம் கலங்கியது; முகம் அப்போதே கடுகடுத்தது. கடித்தார். உள்ளே குழைவாக இருந்த மாவு நாக்கைச் சுட, "ஹா... ஹா..." என்று வாயைத் திறந்து கையால் விசிறிக்கொண்டார். எனக்கும் சுட்டதுதான். ஆனால் அம்மாடி, என்ன ருசி! நான் இன்னொரு தட்டு வாங்கித் தின்றேன். மெர்வின் வீட்டுக்கு வந்து எழுதினார்: "ஒரு நட்சத்திரம். உள்ளே வேகவில்லை. என் வாய்தான் வெந்தது. மேலே தூவியது உயிரோடு நெளிகிறது. ஒசாகாவில் இப்படிக் கிடையாது. மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் கடல் கடந்து வந்தவை, நம்பவேண்டாம்."

ஊர் நம்பவில்லை. மெர்வினை நம்பியது.

அடுத்த மாதம் நான் தனியாகப் போனபோது கடை ஈயாடியது. ஹாஜா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆபிதா பீவி என்னைப் பார்த்ததும் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, அவுக ஒசாகாவுல தின்னாகன்னா அதுக்கு நாங்க என்ன செய்ய? இவுக நேத்து ஷார்ஜாவுக்குப் போன் போட்டு, வேல இருக்கான்னு கேக்குதாக. காதுல விழுந்திச்சு. பைய உள்ள போயிட்டேன். எனக்கு வயிறு எரியுது அண்ணாச்சி."

எனக்கும்தான் எரிந்தது. நேரே மெர்வினிடம் போய், "கடக்காரங்க மேல்முறையீடு பண்ணுதாங்க" என்றேன். மேல்முறையீடு! அந்த ஒரு சொல்லுக்கு மனிதர் எப்படி மலர்ந்தார் என்கிறீர்கள்! அன்று சாயங்காலமே சட்டையை மாற்றிக்கொண்டு, சாலோமியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது அந்தி மஹ்ரிபுத் தொழுகை நேரம். பாங்கு சொல்லியாகிவிட்டது. ஹாஜா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். ஆபிதா பீவி அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே தொழுதுகொண்டிருந்தார். கொஞ்சம் பொறுக்கலாம் என்றேன். நீதிபதிகள் பொறுப்பார்களா? பாங்குக்கு முன்னால் யாருக்கோ சுட்டு, அவர் வராமல் போன தட்டு ஒன்று மின்விசிறிக்கு நேர்கீழே கிடந்தது. மெர்வின் அதை இழுத்து வைத்துக்கொண்டார். சாஸில் ஊறிப்போன மாசி அசையவே இல்லை. படம் பளிச்சென்று விழுந்தது. ஓர் உருண்டையைக் கடித்துக் கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவே இல்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"இதுதான்... இதுதான் ஒசாகா!" என்றார்.

சாலோமி ஒன்றைக் கடித்து முகத்தைச் சுளித்தார். "ஏங்க, ஆறிப்போயி ரப்பர் கணக்கா இருக்கு."

"ஒனக்கு என்ன தெரியும்? ஒசாகாவுல..."

"ஒசாகாவுல நீங்க எங்க தின்னீங்க? நான் கட்டிக் கொடுத்த பருப்புப்பொடியும் ஊறுகாயும்தான மூணு வேளையும் ஓடிச்சு? திரும்பி வாரப்ப ஏர்போர்ட்டுல இந்த உருண்டைய ஃபிரிட்ஜில இருந்து எடுத்துக் குடுத்தான், பிளேன்ல வச்சித் தின்னேன்னு நீங்கதான சொன்னீங்க?"

அடப்பாவி மனுஷா! ஒரே ஒரு குளிர்ந்த பொட்டணம். அதைத் தின்றுவிட்டு வந்துதான் இந்த ஜில்லாவில் அடுப்பு மூட்டிய அத்தனை பேர் வயிற்றிலும் அடித்திருக்கிறார். வெட்கப்பட்டாரா என்றா கேட்கிறீர்கள்? இந்த இனத்துக்கு அது பழக்கமே கிடையாது. அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: "ஐந்து நட்சத்திரம். கடை திருந்திவிட்டது."

தொழுகை முடிந்து வெளியே வந்த ஆபிதா பீவி தட்டைப் பார்த்துப் பதறினார். "அல்லாவே, அது ஆறிப்போனதுல்லா! இருங்க, சுடச்சுடப் போட்டுத் தாரேன்."

"தொடாதீங்க!" என்றார் மெர்வின். "தெனமும் இதே மாதிரி குடுங்க. ஒண்ணையும் மாத்தக்கூடாது."

பைக்குகள் திரும்பி வந்துவிட்டன. இப்போது சுட்ட உருண்டைகளை விசிறிக்கடியில் வரிசையாகப் பரப்பி, நன்றாக ஆறவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் வாங்கிக் கடித்துக் கண்ணை மூடி, "ஒசாகா மாதிரியேல்லா இருக்கு" என்கிறார்கள். என்னய்யா இது அநியாயம் என்று ஹாஜாவிடம் சண்டைக்கே போனேன். அவர் சிரித்தார். "அண்ணாச்சி, நான் வீட்ல இருக்கேன்லா, அது போதும்."

ஆபிதா பீவி வருகிறவர்களிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கிறார்: "சூடா வேணுமா, நட்சத்திரம் வாங்குனது வேணுமா?" நான் மட்டும் சூடாகக் கேட்கிறேன். பக்கத்து மேஜைக்காரர்கள் என்னைப் பட்டிக்காட்டான் என்று பார்க்கிறார்கள்.

நீங்களும் சூடாகத்தான் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் நாக்கு உங்களுடையது. இன்னொருவர் போட்ட நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்துச் சாப்பிடுகிற ஆளா நீங்கள்? அது சரி, கடையின் பெயரை நான் சொல்லவே இல்லையே. மேலப்பாளையத்தில் அது எந்தக் கடை, இப்போது எத்தனை நட்சத்திரம் என்று தேடுவதற்கு, இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்தது யார்?