முசே வீட்டுக்குப் போய்ச் சேராத புழுக்கள்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். தவளக்குப்பத்துல இருக்கற சித்தி வீட்டுல இருந்து ஒரு வாளி புழுவை பஸ்ஸுல டவுனுக்குக் கொண்டுபோய், முசே வீட்டுல இறக்கணும்.

ஆமா, புழுதான். நீங்க தப்பா படிக்கல.

எங்க சுமதி சித்தி ஈ வளக்கறாங்க. நம்ம சோத்துல வந்து உக்கார்ற ஈ இல்ல. கறுப்பு சிப்பாய் ஈன்னு ஒண்ணு. குளவி மாதிரி ஒல்லியா இருக்கும். கடிக்காது. நம்ம தட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது, அவ்ளோ ரோஷம். அது முட்டையில இருந்து வர்ற புழுவுக்கு மார்க்கெட்ல கழிச்சுப் போடற அழுகின தக்காளி, பூசணித் தோலு, மீன் குடல் எதைக் கொட்டினாலும் தின்னுட்டு கொழுகொழுன்னு ஆயிடும். அந்தப் புழு கோழிக்குத் தீனி. அது தின்னு மிச்சம் வெச்சது செடிக்கு உரம். சித்தியும் அவங்க மகளிர் குழு அக்காங்களும் வீட்டை ஒட்டின ஷெட்ல இதைத்தான் பண்றாங்க.

சித்தப்பாவுக்கு இதுல துளி பெருமை கிடையாது. டீக்கடையில உக்காந்தாருன்னா ஒரே பாட்டுதான். "அவனவன் பொண்டாட்டி மாடு வளக்கறா, ஆடு வளக்கறா. எம்பொண்டாட்டி ஈ வளக்கறா."

இதுக்கு நடுவுல தண்ணி கேன் போடற ஒருத்தர் அந்த ஷெட்டை வாடகைக்குக் கேட்டுட்டாரு. வாரா வாரம் நிலையா வாங்கற ஆளு ஒருத்தராவது இந்த வாரத்துக்குள்ள கிடைக்கலைன்னா ஈ வெளிய, கேன் உள்ள. இதுதான் சித்தப்பா தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

அப்படி அலைஞ்சப்ப சித்திக்குக் கிடைச்சவருதான் முசே. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கறவரு. டவுன்ல பழைய மாடி வீடு, மாடி முழுக்க நாட்டுக்கோழி. முசேன்னா பிரெஞ்சுல ஐயா. எல்லாரும் அவரை முசேன்னே கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பேரு அவருக்கே மறந்து போயிருக்கும். சிப்பாய் ஈன்னு கேட்டதும் ஆளு குஷி ஆயிட்டாரு. தானும் சொல்தா, அதுவும் சொல்தா, கொண்டா பாப்போம்னு சொல்லிட்டாரு. சொல்தான்னா அவர் பாஷையில சிப்பாய். சனிக்கிழமை மதியம் புழுவை உயிரோட பாக்கணும், கோழிக்குப் புடிச்சிருந்தா வாரா வாரம் வாங்கிக்கறேன்னு பேச்சு.

சித்திக்கு அன்னிக்குக் காலைல வில்லியனூர்ல கூட்டம். மூலக்குளத்துல இருந்து லீவுக்கு வந்து, அவங்க வீட்டுல மூணு வேளையும் தின்னுட்டுத் தூங்கிக்கிட்டு இருந்த என் தலையில வாளி ஏறிச்சு.

கிளம்பறதுக்கு முந்தி, ஈ வளக்கற பயிற்சியில சொல்லிக்குடுத்ததை எல்லாம் சித்தி என்கிட்ட ஒப்பிச்சாங்க. அந்தப் பயிற்சி குடுத்த சாரை எனக்குத் தெரியும். ஒரு நாள் சித்தி கூடப் போயிருக்கேன். ஏசி ஹால்ல நின்னுக்கிட்டு மூக்கால பேசுவாரு. "ஆக்ச்சுவலி, விவசாயிங்க என்ன புரிஞ்சிக்கணும்னா, பூச்சிதான் நம்ம எதிர்காலம்." சொல்லி முடிக்கறதுக்குள்ள அவர் சமோசா மேல ஒரு ஈ உக்காந்துச்சு. தட்டையே மாத்தச் சொல்லிட்டாரு. எதிர்காலம் அவருக்கு அவ்ளோ கிட்டக்க வரக் கூடாது போல.

அதனால சித்தி ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, நான் அதை அந்த சார் மூக்குல திருப்பிச் சொல்லிக்கிட்டே வந்தேன். குழு அக்காங்க வயித்தைப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாங்க. கூட்டம் சிரிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது. மூக்கு அச்சு அசலா வந்துச்சு. விஷயம் ஒண்ணுகூட மண்டைக்குள்ள போகல.

போகாததுல ஒண்ணு இது: "வாளி காஞ்சே இருக்கணும்டி. உள்பக்கம் ஈரம் பட்டா, புழு சுவத்தைப் புடிச்சி மேல ஏறிடும்."

இதையும் மூக்கால சொல்லி கைத்தட்டல் வாங்கினேன். வாங்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

பழைய பெயிண்ட் வாளி. வாய்க்குத் துணி போட்டு சணல்ல கட்டியிருந்துச்சு. ஜன்னல் சீட்டுல உக்காந்து மடியில வெச்சிக்கிட்டேன். பக்கத்துல கீரைக் கூடையோட ஒரு அக்கா. உள்ள என்னம்மான்னு கேட்டாங்க. உண்மையைச் சொன்னா எழுந்து போயிடுவாங்களேன்னு, சேமியான்னு சொல்லிட்டேன். எங்கயோ விசேஷம் போலன்னு அவங்களும் விட்டுட்டாங்க.

வெயிலு சும்மா பிச்சு எடுக்குது. பஸ்ஸு ரெண்டு அடிக்கு ஒரு தடவை நிக்குது. துணியை லேசா விலக்கிப் பாத்தேன். புழு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு கிடந்து, வாளியே கொதிக்குது. எனக்குப் பாவமா போச்சு. பாட்டில்ல இருந்த தண்ணியை எடுத்து, கோயில்ல தீர்த்தம் தெளிக்கற மாதிரி நாலு பக்கமும் நல்லா தெளிச்சேன். திரும்பவும் துணியைக் கட்டினேன். நான் கட்டினா எப்படிக் கட்டியிருப்பேன்னு என் ஷூ லேஸைப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

அதோட விட்டேனா. வாளியும் நானுமா ஒரு செல்ஃபி எடுத்து, "பூமியைக் காப்பாத்தப் போய்க்கிட்டு இருக்கேன்"னு போட்டேன். அதுக்கு நீங்கள்லாம் லைக் வேற போட்டீங்க. போட்ட அத்தனை பேரும் இதுக்கு உடந்தை.

கொஞ்ச நேரம் கழிச்சு கீரைக்கார அக்கா என் தோளைத் தட்டினாங்க. கத்தல, பதறல. நேரம் என்னன்னு கேக்கற மாதிரியே சொன்னாங்க.

"பாப்பா, உன் சேமியா நடக்குது."

குனிஞ்சு பாத்தேன். முடிச்சு சந்துல இருந்து வரிசையா வெளிய வந்து, என் துப்பட்டா வழியா எறங்கி, அக்கா கீரைக்குள்ள போய்க்கிட்டு இருக்கு. கொஞ்சம் துணிச்சலான கோஷ்டி முன் சீட்டு மேல ஏறிடுச்சு.

முன் சீட்டுல கதர் சட்டை போட்ட ஒருத்தர். கையில துணிப்பை, அதுல "இயற்கையோடு இணைவோம்"னு பச்சை எழுத்து. ஏறினதுல இருந்து போன்ல யாருக்கோ பாடம் எடுத்துக்கிட்டே வந்தாரு. மருந்து அடிச்சு அடிச்சு மண்ணைக் கெடுத்துட்டோம், புழு பூச்சி எல்லாம் நம்ம சொந்தக்காரங்கன்னு. சொந்தக்காரங்கள்ல ஒருத்தர் இப்ப அவர் காலர்ல ஏறி, கழுத்தை நலம் விசாரிச்சாரு.

மனுஷன் சீட்டு மேல ஏறி நின்னுட்டாரு. செருப்பைக் கழட்டி வீசறாரு. "யாருகிட்டயாவது பூச்சி மருந்து இருக்கா, ஹிட்டு"ன்னு கேக்கறாரு. இயற்கையோட அவ்ளோதான் இணைஞ்சாரு.

பஸ்ஸே எழுந்து நின்னுடுச்சு. ஜனங்களை அமைதிப்படுத்தணும்னு எனக்குத் தோணிச்சு. பதட்டத்துல என் சொந்தக் குரல் எங்க போச்சுன்னே தெரியல. கைக்குக் கிடைச்சது பயிற்சி சார் மூக்குதான். "ஆக்ச்சுவலி, யாரும் பயப்படாதீங்க, இது எல்லாமே புரதம்"னு சொன்னேன். ஒரு ஆயா என்னைக் குடையால குத்தினாங்க.

கண்டக்டர் விசில் அடிச்சாரு. அரியாங்குப்பத்துல வண்டி நின்னுச்சு.

"எறங்கு. நீயும் எறங்கு, உன் குடும்பத்தையும் எறக்கு."

நான் எறங்கிட்டேன். குடும்பத்துல பாதிக்கு மேல எறங்கல. டிக்கெட் இல்லாமலே டவுனுக்குப் போயிடுச்சுங்க.

ரோட்டோரம் நின்னு வாளியைப் பாத்தேன். அடியில கொஞ்சம்தான் நெளியுது. இதைக் கொண்டுபோய் முசேகிட்ட காட்டினா, பிரசாதம் குடுக்க வந்தியான்னு கேப்பாரு. ஷெட்டுக்குள்ள தண்ணி கேன் அடுக்கறது அப்பவே என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. குழு அக்காங்க மூஞ்சியும் தெரிஞ்சுது. இப்ப யாரும் சிரிக்கல.

அப்பதான் என் மூளை வேலை செஞ்சுது. நாளைக்குக் கொண்டாரேன்னு சித்தியே முசேவுக்கு போன் பண்ணிட்டா? ஷெட்ல இன்னும் புழு இருக்கு, காலைல நல்லதா ஒரு வாளி எடுத்துக்கலாம். சித்திதான் வில்லியனூர் கூட்டத்துல இருக்காங்களே. அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?

சித்தி குரல் எனக்குத் தண்ணி பட்டபாடு. முதல்ல ரெண்டு இருமல். அப்புறம் வார்த்தைக்கு வார்த்தை ஒரு "ங்க". நடுவுல மூச்சு வாங்கணும். போட்டேன் போனை.

"அலோ, உய்?"ன்னு பிரெஞ்சுலயே எடுத்தாரு முசே.

இருமினேன். "முசே, நான் சுமதி பேசறேங்க. இன்னிக்குப் புழுவுக்கெல்லாம் கொஞ்சம் உடம்பு சரியில்லீங்க. நாளைக்குக் கொண்டாரட்டுங்களா?"

அந்தப் பக்கம் டம்ளரை வெக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் முசே ரொம்ப மரியாதையா கேட்டாரு.

"சுமதிம்மா, நீ என் எதிர்ல உக்காந்து காபி குடிக்கற. போன்ல பேசற சுமதி யாரு?"

வில்லியனூர் கூட்டத்துக்கு வர வேண்டிய அதிகாரி வழக்கம்போல வரல. வெயிட் பண்ணிப் பாத்துட்டு, புழு வர்றப்ப கூட இருக்கலாமேன்னு சித்தி நேரா முசே வீட்டுக்கு வந்து உக்காந்துட்டாங்க. வேலை செய்யற அதிகாரியா ஒருத்தர் இருந்திருந்தா எனக்கு இந்தக் கதியே இல்ல.

போன் கை மாறிச்சு. சித்தி கத்தினாங்கன்னா பயப்பட ஒண்ணும் இல்ல. மெதுவா பேசினாங்கன்னாதான் ஆபத்து. மெதுவாதான் பேசினாங்க.

"இருக்கறதை எடுத்துக்கிட்டு வாடி."

பதட்டத்துல நான் சித்திக்கே சித்தி குரல்ல, "வந்துடறேங்க"ன்னு சொன்னேன்.

ஆட்டோ புடிச்சுப் போனேன். வழி முழுக்க துப்பட்டாவால வாளியைத் துடைச்சிக்கிட்டே போனேன். மாடி ஏறினா முசே, சித்தி, கோழிங்க, எல்லாரும் என்னைத்தான் பாக்கறாங்க. முசே கோழிங்க சாதாரணக் கோழிங்க இல்ல. பால்ல ஊற வெச்ச பிரெட்டு தின்னு வளந்ததுங்க. நடையே வேற மாதிரி.

சித்தி வாளியைக் கவுத்தாங்க. முதல்ல வந்த கோழி புழுவை ஒரு கண்ணால பாத்துச்சு. தலையைத் திருப்பி இன்னொரு கண்ணால பாத்துச்சு. அப்புறம் எனக்கென்னன்னு பிரெட்டுப் பக்கம் போயிடுச்சு. சித்தி முந்தானையைக் கையில சுத்திக்கிட்டே இருந்தாங்க. அவங்க முகத்தைப் பாக்க எனக்குத் தைரியம் வரல. கீழ பாத்துக்கிட்டேன்.

கழுத்துல முடி கொட்டின ஒரு கிழட்டுக் கோழி ஓரமா வந்து ஒண்ணைக் கொத்துச்சு. நின்னு யோசிச்சுது. இன்னொண்ணைக் கொத்துச்சு. அவ்ளோதான். மீதி எல்லாம் பிரெட்டை மிதிச்சிக்கிட்டு ஓடி வந்து ஒண்ணோட ஒண்ணு சண்டை. தரை சுத்தமாயிடுச்சு. காலி வாளிக்குள்ள தலையை விட்டுத் தேடுதுங்க.

"இவ்ளோதானா?"ன்னு முசே சித்தியைக் கேட்டாரு. சித்தி என்னைப் பாத்தாங்க.

அவரும் என்னைத் திரும்பிப் பாத்துட்டு, வாரா வாரம் வாளி நிறைய வேணும்னு சொன்னாரு. பென்ஷன் வாங்கற சிநேகிதங்ககிட்டயும் சொல்லி வெக்கறேன்னாரு. ஆனா ஒரு நிபந்தனை. "காபி குடிக்கற சுமதிதான் கொண்டாரணும். போன் சுமதி வேணாம்."

ஷெட்டு தப்பிச்சுது. நான் தப்பிக்கல. லீவு முடியற வரைக்கும் அழுகின தக்காளியில இருந்து பிளாஸ்டிக் பொறுக்கற வேலை எனக்கு. பக்கத்துல உக்காந்து பொறுக்கற குழு அக்காங்க, என் குரல்லயே பேசி என்னைக் கிண்டல் பண்றாங்க. சுமாராத்தான் பண்றாங்க.

இதனால சகலருக்கும் சொல்லிக்கறது: அடுத்தவங்க குரல்ல போன் பண்றதுக்கு முன்னாடி, அவங்க எந்த வீட்டுல காபி குடிக்கறாங்கன்னு விசாரிச்சுக்குங்க.