சொந்தத் துப்பாக்கி மட்டும்

நார்த் கில்லம், மாசசூசெட்ஸ்
சனிக்கிழமை காலை

அன்பு மைத்துனன் லாயிட் பென்ரோஸுக்கு,

நார்த் கில்லம் காவல் நிலையத்தின் ஓய்வு பெற்ற சார்ஜென்ட் எல்மர் டகெட் எழுதுவது. (ஓய்வு பெற்ற என்ற சொல்லுக்கு இனிமேல் பெரிய அர்த்தம் கிடையாது, கீழே படி.) மேய்னில் நீயும் உன் முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா வின்னி சௌக்கியம். பீன்ஸ் செடி சௌக்கியம். நான் வெறும் சௌக்கியம் என்று எழுதினால் அது பொய் சொன்னதாகும், ஏனென்றால் நான் அதற்கு மேலே எங்கேயோ இருக்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ எங்கள் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அத்தான், இனி உங்களுக்கு ஒரு விசில் குடுத்தாலே பெருசு, இதுல துப்பாக்கி வேறயா" என்றாய். உன் பெண்டாட்டி சிரித்தாள். நான் இன்னொரு துண்டு ஆப்பிள் பை வெட்டி உன் தட்டில் வைத்தேன். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன், எழுந்து நின்று படி. கவர்னர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நார்த் கில்லம் ஊராட்சி தன்னுடைய ஓய்வு பெற்ற காவலர்களைச் சிறப்புக் காவலராக நியமிக்கலாம், அவர்கள் சாலை வேலைகளிலும் ஊர்வலங்களிலும் சீருடையோடு பணி செய்யலாம், கைது செய்யலாம், பணியில் இருக்கும்போது கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நம் ஊருக்கென்றே தனியாக ஒரு சட்டம். பாஸ்டனில் சட்டமன்றத்தின் பொன்முலாம் பூசிய கூரைக்குக் கீழே உட்கார்ந்து எனக்காகச் சட்டம் எழுதியிருக்கிறார்கள் லாயிட். உனக்காக அங்கே யாராவது ஒரு கமா போட்டிருக்கிறார்களா? வின்னிக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினேன். "நல்லாருக்கு எல்மர், அப்படியே அடுப்பைக் கொஞ்சம் குறைச்சிடு" என்றாள். அவள் எப்போதுமே சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளாதவள்.

இது எப்படி ஆரம்பித்தது என்பது உனக்குத் தெரியாது, தெரிந்தாலும் நீ தப்பாகத்தான் தெரிந்து வைத்திருப்பாய். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் மெயின் தெருவில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. பள்ளம் தோண்ட இயந்திரம் வந்து நிற்கிறது, ஆட்கள் வந்து நிற்கிறார்கள், ஆனால் பக்கத்தில் ஒரு காவலர் நிற்காமல் நம் ஊரில் சாலையில் மண்வெட்டி படக்கூடாது என்பது உனக்கே தெரியும். நிலையத்திலோ ஆள் இல்லை. ஒருத்தன் மனைவிக்குப் பிரசவம், ஒருத்தன் பக்கத்து ஊரில் அதிகச் சம்பளத்துக்குப் போய்விட்டான், மிச்சமிருந்தவனுக்குக் காய்ச்சல். பக்கத்து ஊர்களைக் கேட்டால் அங்கேயும் இதே கதை. தண்ணீர் ஓடுகிறது, உறைகிறது, மறுபடி ஓடுகிறது, தேவாலயத்து வாசலில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள், பாதிரியாரும் சறுக்கினார், ஆனால் விளையாட்டுக்கு இல்லை. நான் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் நடு ரோட்டில் நின்று வண்டிகளுக்குக் கை காட்டினேன். வண்டிகள் நின்றன லாயிட். கை இன்னும் மறக்கவில்லை. அப்போதுதான் காவல் நிலையத் தலைவர் ஒலிவேரா, என்னிடம் வேலை கற்ற பையன், இப்போது அவனே தலைவன், ஓடி வந்து என் காதருகே, "சார்ஜென்ட், தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க. உங்களுக்கு அதிகாரம் இல்ல. ஒரு கார் இடிச்சா ஊரே மாட்டிக்கும்" என்றான். எல்லார் முன்னாலேயும். வீட்டுக்கு நடந்து வந்த அந்தத் தூரம் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதிகாரம் இல்லையா, வாங்கிக் காட்டுகிறேன் என்று ஊர்க் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர அன்றைக்கே கையெழுத்து வேட்டையில் இறங்கிவிட்டேன்.

ஊர்க் கூட்டத்தில் என் தீர்மானம் வந்த நாளைச் சொல்லாமல் விடமுடியாது. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே தலைவரம்மா, ஒவ்வொருவர் கையிலும் ஓட்டுப் போடப் பச்சை அட்டை. நாய்களுக்குக் கயிறு கட்டுவதா வேண்டாமா என்பதிலேயே பாதிப் பேர் களைத்துப்போய்விட்டார்கள். அப்புறம் என் முறை. நான் பேசினேன், நன்றாகவே பேசினேன், தண்ணீர்க் குழாயைச் சொன்னேன், பாதிரியாரைச் சொன்னேன், கூட்டம் தலையாட்டியது. உடனே எழுந்தான் ப்ரூஸ்டர். எங்கள் பக்கத்து வீட்டு ப்ரூஸ்டர்தான், நிதிக் குழுத் தலைவன், டீத்தூளை இரண்டு தரம் கொதிக்க வைத்துக் குடிக்கிறவன். "எல்மர் ரோட்டுல நிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா துப்பாக்கியோட நின்னா என் தபால் பெட்டிக்கு யாரு பொறுப்பு?" என்றான். கூடமே சிரித்தது. அந்தத் தபால் பெட்டி விவகாரம் உனக்குத் தெரிந்ததுதான். முயல் வின்னியின் பீன்ஸைத் தின்றது, நான் சுட்டேன், முயல் நகர்ந்தது, தபால் பெட்டி நகரவில்லை. இதில் என் பிழை எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எவனும் காட்டவில்லை. புதுப் பெட்டியும் வாங்கிக் கொடுத்தாயிற்று. முயலைச் சுட்ட அன்றைக்கே, நான் ஓய்வு பெற்றபோது நிலையத்தார் பரிசாகக் கொடுத்த ரிவால்வரை வின்னி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் தையல் கூடையில் போட்டுக்கொண்டாள், நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சிரிப்பு அடங்கவில்லை, என் தீர்மானம் மூழ்கப் போகிறது என்று தெரிந்துவிட்டது. அப்போது யார் எழுந்தது தெரியுமா? உன் அக்கா. இத்தனை வருஷத்தில் ஊர்க் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்ததில்லை, ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பாள். "தலைவரம்மா, ஒரு திருத்தம். துப்பாக்கிக்கு ஊர்ப் பணம் ஒரு காசு செலவாகக் கூடாது. ஓய்வு பெற்ற அன்னிக்கு வீட்டுக்குக் கொண்டு போன சொந்தத் துப்பாக்கி இருந்தா அதை வச்சுக்கட்டும், வேற எதையும் வச்சுக்கக் கூடாதுன்னு போடுங்க" என்றாள். ப்ரூஸ்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஊருக்குச் செலவில்லை என்ற சொல் காதில் விழுந்ததும் தேன் குடித்தவன் மாதிரி ஆகிவிட்டான். ஆனாலும் விடவில்லை. "வின்னி, அப்ப என் தபால் பெட்டி?" என்றான். "ப்ரூஸ்டர், எல்மரால உன் தபால் பெட்டிக்கு இனி ஒரு ஆபத்தும் வராது. அதுக்கு நான் உத்தரவாதம்" என்றாள். இப்படிச் சொன்னாள் லாயிட், ஊரறிய, கண் இமைக்காமல். புருஷன் மேல் இப்படி ஒரு நம்பிக்கை எந்தப் பெண்ணுக்கு வரும்? பச்சை அட்டைகள் ஒரேயடியாக மேலே போயின, ப்ரூஸ்டருடையதும் சேர்த்து. வீட்டுக்கு வரும் வழியில் வண்டியிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டாள்.

ஊர் சொன்னால் போதாதே, பாஸ்டன் சொல்ல வேண்டும். அங்கே இவ்வளவு காலம் ஆகும் என்று யார் கண்டது? நான் ஒரு விரதம் எடுத்துக்கொண்டேன். சட்டம் கையெழுத்தாகி, நான் உறுதிமொழி எடுக்கும்வரை அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை என்று. சட்டத்தைக் காப்பாற்றுகிறவன் சட்டம் வருமுன்னே விரல் வைக்கலாமா? கூட்டித் துடைக்கிற சாக்கில் பெட்டியைத் தூக்கி மட்டும் பார்ப்பேன். அந்தக் கனம் கையில் இறங்கியதும் மனசுக்கு ஒரு நிம்மதி வரும். வின்னியும் என் விரதத்தை மிகவும் பாராட்டினாள், "அப்படித்தான் இருக்கணும் எல்மர்" என்றாள்.

இந்த வசந்தத்தில் சுடும் தேர்வு வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்று நிலையத்துத் துப்பாக்கியைத்தான் கொடுத்தார்கள். முதல் தடவை நான் தோற்றதாக உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள், அது வதந்தி. நான் சுட்ட குண்டுகள் எல்லாம் வட்டத்துக்குள்தான் விழுந்தன, ஆனால் பக்கத்து ஆளுடைய வட்டத்துக்குள். அவசரத்தில் வின்னியின் தையல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். பக்கத்து ஆள் துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்பே தேறிவிட்டார், பாவம், அழாத குறை. பரிசோதகர், "சார்ஜென்ட், நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினாராம், காது மூடியைப் போட்டபின் எனக்கு எப்படிக் கேட்கும்? மறு வாரம் என் சொந்தக் கண்ணாடியோடு போனேன். தேறினேன். பரிசோதகர் என் கையைக் குலுக்கிவிட்டு, துப்பாக்கியை உடனே வாங்கி வைத்துக்கொண்டார்.

சீருடை வயிற்றருகே சேரவில்லை, வின்னி சாப்பாட்டறைத் திரைச்சீலையிலிருந்து ஒரு பட்டை வெட்டிச் சேர்த்துவிட்டாள், நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான், சிறு சிறு அன்னாசிப் பழங்கள் இருக்கின்றன, பெல்ட் மறைத்துவிடும். நேற்று மாலை ஊர் மண்டபத்தில் கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தேன். ஒலிவேரா என் சட்டையில் வில்லையைக் குத்திவிட்டு, "வாங்க சார்ஜென்ட், இப்ப உங்களுக்கு அதிகாரம் இருக்கு" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இத்தனையும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, வந்ததைத் துடைக்கவும் இல்லை. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலம். தீயணைப்பு வண்டி, பள்ளிக்கூட பேண்டு, ப்ரூஸ்டரின் பழைய டிராக்டர் எல்லாம் மெயின் தெருவும் மில் தெருவும் சேருமிடத்தில் என் கை அசைவுக்குத்தான் காத்து நிற்கும். அதே இடம்தான், குழாய் வெடித்த இடம். நீ அவசியம் வரவேண்டும், வந்து எனக்குப் பத்தடி தூரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் இடுப்பைப் பார்த்தபடி அந்த விசில் கதையை இன்னொரு தரம் சொல்லவேண்டும்.

உன் முழங்காலுக்கு நல்ல குணமும், உன் வீட்டுக் கூரைக்கு ஒழுகாத பலமும், உனக்கு மூத்தவர்களை மதிக்கும் புத்தியும் கிடைக்கட்டும். உன் பெண்டாட்டிக்கு என் அன்பு. வின்னியும் அன்பு சொல்லச் சொன்னாள், கடிதம் உனக்கு என்றதும் ஏனோ கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
எல்மர் டகெட்
சிறப்புக் காவலர், நார்த் கில்லம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் விரதத்தை முடித்துவிடலாம் என்று தையல் கூடையிலிருந்து சாவியை எடுத்து வந்து பெட்டியைத் திறந்தேன். உள்ளே பழைய துண்டில் சுற்றி, நம் உருளைக்கிழங்கு மசிக்கிற இரும்பு மத்து இருந்தது. தபால் பெட்டி விவகாரம் நடந்த அந்த இலையுதிர் காலத்தில் நான் தொலைத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லப்பட்ட அதே மத்து. அந்தத் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் மசித்த கிழங்கு கட்டி கட்டியாக இருக்கிறது என்று நீதானே என்னைக் கேலி செய்தாய்? நான்தானே மன்னிப்புக் கேட்டேன்? அடுப்படிக்குப் போய், "வின்னி, ரிவால்வர் எங்கே?" என்றேன். அவள் பீன்ஸ் ஆய்வதை நிறுத்தவில்லை. "ஊர்ல துப்பாக்கியே குறையணும்னு, தேவாலயத்து வண்டி நிறுத்தத்துல துப்பாக்கி குடுத்தா மளிகைக் கூப்பன் குடுத்தாங்க எல்மர். குடுத்துட்டேன். அப்பவே உருக்கியிருப்பாங்க. நீ ரோட்டுல நிக்கிறது எனக்குப் பெருமைதான். ஆனா நீ வேலைக்குப் போன காலமெல்லாம் ராத்திரியில நான் கண் மூடல. இன்னொரு தரம் என்னால முடியாது" என்றாள். சண்டை போடத்தான் போனேன். பீன்ஸ் ஆய உட்கார்ந்துவிட்டேன். வேறு துப்பாக்கி வாங்கலாம் என்றால் திருத்தம் இருக்கிறது, சொந்தத் துப்பாக்கி, அதுவும் அந்தத் துப்பாக்கி மட்டும். சட்டம் முழுக்க என் பக்கம் இருக்கிறது லாயிட், துப்பாக்கிதான் இல்லை. ஒலிவேராவுக்குப் போன் செய்தேன். பலமாக இருமினான். "சார்ஜென்ட், வச்சுக்கலாம்னுதான் போட்டிருக்கு, வச்சுக்கணும்னு போடல. நாலாம் தேதி வந்துருங்க" என்றான். போகிறேன். மத்தின் கைப்பிடி துப்பாக்கி உறையில் அளவெடுத்த மாதிரி உட்காருகிறது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ப்ரூஸ்டர் பார்த்துவிட்டு சல்யூட் அடித்தான். துப்பாக்கி இல்லாத விஷயம் வின்னி, ஒலிவேராவையும் சேர்த்து நம் நாலு பேரோடு இருக்கட்டும்.

இன்னொன்று. தேவாலயத்துக்குத் தனியாக எப்படிப் போனாய் என்று வின்னியிடம் கேட்டேன். அந்த தேங்க்ஸ்கிவிங் விருந்தன்று காலை நீயும் அவளும் வான்கோழி வாங்கப் போய் மதியம் தாண்டித் திரும்பினீர்களே, வண்டி ஓட்டியது நீதானாமே? இவ்வளவு பெரிய வான்கோழி ஏது என்று நான் வியந்துகொண்டு நின்றபோது, அது என் ரிவால்வருக்குக் கிடைத்த கூப்பனில் வந்தது என்று தெரிந்தும், அதன் இரண்டு காலையும் ஒன்றும் தெரியாதவன் போல நீதான் தின்றாய். நாலாம் தேதி நாற்காலியைப் பத்தடியில் போடாதே, எனக்கு எதிரிலேயே போடு. கைது செய்யும் அதிகாரமும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது, அதில் வின்னி ஒரு திருத்தமும் போடவில்லை.